எலி மறந்ததா, எலிக்குக் கண் தெரியவில்லையா?

பசறை வீதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு பாட்டி வருவார். மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வரும்போதெல்லாம் பீலிக் கரையில் பறித்த வல்லாரையை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவருவார். உம்மா அதைக் கழுவிப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், மாசி சேர்த்து, தேசிக்காய் பிழிந்து சம்பல் போடுவார்.

“பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைக்கு நல்லாக் குடு தங்கச்சி. மறதி கிட்ட வராது” என்று பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அப்படிச் சொன்ன பாட்டியே ஒருநாள் கண்கலங்கி வந்து எங்கள் படியில் உட்கார்ந்தார். முதியோருக்காக நடந்த ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே ஞாபகசக்தியைச் சோதித்திருக்கிறார்கள். இன்று என்ன திகதி என்று கேட்டார்களாம். தாளில் இருந்த ஓர் உருவத்தைப் பார்த்து வரையச் சொன்னார்களாம். ஒரு வசனம் எழுதச் சொன்னார்களாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்களாம். எதுவும் சரிவரவில்லை. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“எனக்கு மூள கொழம்பிப் போச்சாம் புள்ள” என்றார் பாட்டி.

உம்மா தேநீர் கொடுத்து ஆறுதல் சொன்னார். எழுந்து போகும்போது பாட்டி திரும்பி நின்று, “தங்கச்சி, போன மாசம் குடுத்த வல்லாரைக் கட்டுக்கு இன்னும் நூத்தி இருவது ரூவா பாக்கி இருக்கு” என்றார். உம்மா மறந்தே போயிருந்தார்!

பாட்டிக்கு உண்மையில் மறதியா? அல்லது அந்தச் சோதனை வேறெதையோ அளந்துவிட்டு அதற்கு ‘மறதி’ என்று பெயர் வைத்துவிட்டதா? இந்தக் கேள்வி என் மனதில் கிடந்தபோதுதான், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் ராத்தா வல்லாரையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியைக் காட்டினார். அது கிழட்டுச் சுண்டெலிகளில் நடந்த ஆராய்ச்சி. என் கேள்வியையே அந்த ஆய்வாளர்களும் தங்கள் எலிகளைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது என்பது வாசிக்க வாசிக்கப் புரிந்தது. தோழிகளே, அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஓர் ஆளியைக் கழற்றிய எலி

முதலில், ‘பரம்பரையலகு நீக்கிய எலி’ என்றால் என்ன?

ஒரு மண்டபத்தில் ஒரு மின்குமிழ் எரிகிறது. சுவரில் பத்து ஆளிகள் இருக்கின்றன. எந்த ஆளி இந்தக் குமிழுக்குரியது என்று அறிய என்ன செய்வோம்? ஒவ்வோர் ஆளியாக அணைத்துப் பார்ப்போம். எதை அணைத்தபோது குமிழ் அணைகிறதோ, அதுதான் அதன் பாதையில் இருக்கும் ஆளி.

உயிரியலாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். எலியின் ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளில் ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்கிறார்கள். பிறகு அந்த எலியிடம் எது குறைகிறது என்று பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட எலிகள் 1989ஆம் ஆண்டளவில் முதன்முதலாக உருவாக்கப்பட்டன. இதற்கு வழி திறந்த மரியோ கப்பெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஒலிவர் ஸ்மித்திஸ் ஆகிய மூவருக்கும் 2007ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நாம் உயர்தர வகுப்பில் படிக்கும் மெண்டலின் விதி நேரடியாகப் பயன்படுகிறது. பரம்பரையலகின் ஒரு பிரதி மட்டும் பழுதான தாயையும் தந்தையையும் இனங்கலந்தால், குட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இரு பிரதிகளும் முழுமையாக இருக்கும். நான்கில் ஒன்றுக்கு இரண்டுமே இல்லாதிருக்கும். ஒரே தாயின் வயிற்றில் பிறந்து, ஒரே கூட்டில் வளர்ந்து, ஒரே உணவைத் தின்ற சகோதரங்கள் இவை. வேறுபாடு அந்த ஒரு பரம்பரையலகு மட்டுமே. ஆகவே இவற்றை ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடாகிறது.

ஏன் கிழட்டு எலி?

அல்சைமர், பாகின்சன் போன்ற நோய்களில் நரம்புக் கலங்கள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அழிகின்றன. இவை பெரும்பாலும் முதுமையில் தலைகாட்டும் நோய்கள். இளம் எலியில் மட்டும் சோதித்தால், நோய் வரும் காலத்துக்கு முன்பே புத்தகத்தை மூடிவிட்டதாக ஆகிவிடும்.

ஆய்வுகூடச் சுண்டெலி ஒன்றின் ஆயுள் சுமார் இரண்டு, இரண்டரை வருடங்கள். 3 முதல் 6 மாத எலியை மனிதரில் இருபதுகளில் இருப்பவருக்கு ஒப்பிடுவார்கள். 18 முதல் 24 மாத எலி ஏறத்தாழ 56 முதல் 69 வயது மனிதருக்குச் சமம். அதாவது நம் வீட்டு உம்மும்மாக்களின் வயது.

காத்திருப்பது எளிதல்ல. ஒன்றரை, இரண்டு வருடங்கள் எலிகளைப் பேணவேண்டும். இடையில் சில இறந்துவிடும். எஞ்சியிருப்பவை உறுதியானவை மட்டுமாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். வயதான எலிக்கு உடல் பருக்கும், மூட்டு இறுகும், பார்வை மங்கும், காது மந்தமாகும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஞாபகத்தைச் சோதிக்கப் போகும் நமக்கு முன்னால், கண்ணும் காதும் காலும் வந்து குறுக்கே நிற்கின்றன.

எலியிடம் வாய்மொழியாகக் கேட்க முடியாது

எலியிடம் “இன்று என்ன திகதி?” என்று கேட்க முடியாது. அதன் நடத்தையைப் பார்த்துத்தான் ஞாபகத்தை ஊகிக்க வேண்டும். அதற்கென்று பல சோதனைகளை வகுத்திருக்கிறார்கள். சிலவற்றைப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பொறியில் விழாதிருக்க ஒரு காப்பும் இருக்கிறது.

முதலாவது, நீர்ச் சுழல்வழி. பிரித்தானிய விஞ்ஞானி ரிச்சட் மொறிஸ் 1981இல் இதை விவரித்தார். வட்டமான ஒரு பெரிய தொட்டியில் நீர் நிரப்பி, பால் கலந்து வெண்மையாக்குவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய மேடை மறைந்திருக்கும். எலிக்கு நீந்துவது பிடிக்காது. அது சுற்றிச் சுற்றி நீந்தி எப்படியோ மேடையைக் கண்டுபிடிக்கும். சுவர்களில் ஒட்டியிருக்கும் படங்களை அடையாளமாக வைத்து, நாளுக்கு நாள் விரைவாக மேடையை அடையப் பழகும். கடைசி நாளில் மேடையை எடுத்துவிடுவார்கள். ஞாபகமுள்ள எலி, மேடை இருந்த கால்வட்டத்திலேயே அதிக நேரம் தேடும்.

பொறி எங்கே? எலிக்குப் பார்வை இல்லையென்றால் சுவர்ப் படம் தெரியாது. ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் சில எலி வகைகளுக்கு விழித்திரை பழுதாகும் ஒரு பரம்பரைக் குறைபாடு உண்டு. அவை இளவயதிலேயே பார்வையை இழந்துவிடும். இதை அறியாமல் சோதித்தால் ‘ஞாபகம் இல்லாத எலி’ என்று எழுதிவிடுவோம். காப்பு என்னவென்றால், மேடையின் மேல் ஒரு கொடியை நட்டு வெளியே தெரியும்படி வைத்து மறுபடியும் விடுவது. தெரிகின்ற மேடைக்கும் போகத் தெரியாத எலிக்குப் பிரச்சினை கண்ணில் அல்லது காலில். ஞாபகத்தில் என்று சொல்ல முடியாது. நீந்தும் வேகத்தையும் தனியாக அளப்பார்கள்.

வயதான எலி நீரில் விரைவில் குளிர்ந்து களைத்துவிடும். அதற்கு இன்னொரு வழி, கரல் பான்ஸ் என்ற பெண் விஞ்ஞானி 1979இல் அறிமுகப்படுத்திய வட்ட மேசை. வெளிச்சமான மேசையின் ஓரமெங்கும் துளைகள். ஒரே ஒரு துளையின் கீழ் மட்டும் ஒளிந்துகொள்ள இருட்டான பெட்டி. எந்தத் துளை என்பதை எலி நினைவில் வைத்திருக்க வேண்டும். நனையத் தேவையில்லை.

இரண்டாவது, புதிய பொருளை இனங்காணும் சோதனை. ஒரு பெட்டியில் ஒரே மாதிரியான இரண்டு பொருட்களை வைத்து எலியை உலாவ விடுவார்கள். சில மணிநேரத்தின் பின் ஒன்றை எடுத்துவிட்டு வேறொரு பொருளை வைப்பார்கள். பழையதை நினைவில் வைத்திருக்கும் எலி, புதியதை அதிக நேரம் முகர்ந்து பார்க்கும். மறந்துவிட்ட எலிக்கு இரண்டும் புதியவைதான். இரண்டிலும் சமமாக நேரம் செலவிடும். இங்கே பொறி மணம். முன்னர் வந்த எலியின் மணம் பொருளில் ஒட்டியிருந்தால் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மதுசாரத்தால் துடைப்பார்கள். இன்னொரு பொறியும் உண்டு. சோர்ந்துபோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் எலி எந்தப் பொருளையும் நாடாது. அதை ‘மறதி’ என்று எண்ணக் கூடாது. ஆகவே மொத்தமாக எவ்வளவு நேரம் பொருட்களை நாடியது என்பதையும் பார்ப்பார்கள்.

மூன்றாவது, அச்ச நினைவு. ஓர் ஒலி கேட்டவுடன் காலடியில் இலேசான மின்னதிர்ச்சி. மறுநாள் அதே ஒலியைக் கேட்டதும், நினைவுள்ள எலி அசையாமல் உறைந்து நிற்கும். பொறி காது. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் கறுப்புச் சுண்டெலி வகைக்கு வயதாக ஆகக் காது கேளாமல் போகும் பரம்பரை இயல்பு இருக்கிறது. ஒலி கேட்காத எலி எப்படி அஞ்சும்? ஆகவே ஒலியை மட்டும் நம்பாமல், அதிர்ச்சி பெற்ற அதே பெட்டியில் வைத்ததும் உறைகிறதா என்றும் பார்ப்பார்கள்.

நான்காவது, கால்களுக்கான சோதனை. மெதுவாகச் சுழலும் ஓர் உருளையின் மேல் எலியை நிறுத்துவார்கள். வேகம் கூடக் கூட எவ்வளவு நேரம் விழாமல் நடக்கிறது என்று அளப்பார்கள். பாகின்சன் நோய் பற்றிய ஆய்வுகளில் இது முக்கியமானது. பருத்த எலி சீக்கிரம் விழும் என்பதால், நிறையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது. மாலையில் எலியின் கூட்டில் அழுத்திய பஞ்சுத் துண்டு ஒன்றைப் போடுவார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பார்கள். நலமான எலி இரவோடு இரவாகப் பஞ்சைப் பிய்த்துக் குழிவான அழகிய கூடு கட்டியிருக்கும். மூளை தளர்ந்த எலி பஞ்சைத் தொடாமலே விட்டிருக்கும், அல்லது அரைகுறையாகக் கலைத்திருக்கும். 1 முதல் 5 வரை புள்ளி இடுவார்கள். குளமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. தன் வீட்டில் தன் வேலையைச் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி.

புள்ளி இடுபவருக்கு எந்த எலி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியக் கூடாது என்பது இச்சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி. தெரிந்துவிட்டால், மனம் தன்னையறியாமல் தான் விரும்பிய பக்கம் சாயும். நமது பரீட்சைத் தாள்களில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதுவதும் இதனால்தானே!

வல்லாரைக்கு என்ன ஆனது?

இனி ராத்தா காட்டிய ஆராய்ச்சிக்கு வருவோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் உள்ள ஒரிகன் சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோரா கிரே, அமலா சௌமியநாத் முதலியோரின் குழு வல்லாரையைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறது. காய்ந்த வல்லாரையை நீரில் கொதிக்கவைத்து எடுத்த சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, வயதான எலிகளின் ஞாபகம் மேம்பட்டதை அவர்கள் முன்னரே கண்டிருந்தார்கள். அடுத்த கேள்வி: எந்த வழியால்?

அவர்களின் சந்தேகம் ‘நேர்ஃப்-2’ எனும் புரதத்தின் மேல் விழுந்தது. நமது கலங்களுக்குள் இழைமணிகள் சத்தி ஆக்கும்போது, தீங்கான ஒட்சிசன் வடிவங்களும் பக்க விளைபொருளாக வெளிவருகின்றன. அடுப்பு எரிந்தால் புகையும் வருவது போல. சாதாரண வேளையில் நேர்ஃப்-2 வேறொரு புரதத்தால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். புகை அதிகமானதும் பிடி தளர்ந்து, அது கருவுக்குள் சென்று, புகையை நீக்கும் நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளை இயக்கிவிடும். ஒரு வகையில் அது வீட்டின் காவற்காரன்.

ஆகவே நேர்ஃப்-2 இல்லாத எலிகளையும், அது உள்ள சாதாரண எலிகளையும் எடுத்துக்கொண்டார்கள். 5 மாத வயதில் தொடங்கி, வல்லாரைச் சாற்றை 1 மாதம், 7 மாதங்கள், 13 மாதங்கள் என மூன்று கால அளவுகளில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கால அளவின் முடிவிலும் ஞாபகத்தைச் சோதித்தார்கள். கடைசிக் கூட்டம் சோதிக்கப்பட்டபோது அவற்றின் வயது ஒன்றரை வருடம். முடிவுகள் 2021இல் வெளியாகின.

மூன்று விடயங்கள் தெரியவந்தன. ஒன்று, நேர்ஃப்-2 இல்லாத எலிகள் வயதாகும்போது, மற்றவற்றைவிட விரைவாக ஞாபகத்தை இழந்தன. இரண்டு, சாதாரண எலிகளில் வல்லாரைச் சாறு ஞாபகத்தை மேம்படுத்தியது. மூன்று, நேர்ஃப்-2 இல்லாத எலிகளில் அதே சாறு எந்தப் பயனையும் தரவில்லை. ஆளியைக் கழற்றியதும் குமிழ் அணைந்துவிட்டது! ஆகவே வல்லாரை ஞாபகத்துக்கு உதவ வேண்டுமென்றால் நேர்ஃப்-2 இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இதை வாசித்ததும் எனக்கு உடனே பாட்டியிடம் ஓடிச் சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் ராத்தா, “முழுசா வாசி” என்றார். அதே ஆராய்ச்சியில் மூளையின் இழைமணிகளையும் அளந்திருந்தார்கள். நீண்டகாலம் வல்லாரை கொடுத்தும் அவற்றில் மாற்றம் காணப்படவில்லை. எதிர்பார்த்தது நடக்காததையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அத்துடன் இது எலி, மனிதர் அல்ல. இது அளவு குறித்த சாறு. நாம் தின்னும் சம்பல் அல்ல. ஞாபகம் குறைந்த முதியவர் சிலருக்கு இச்சாற்றைக் கொடுத்து, உடல் அதை எவ்வாறு உள்ளெடுக்கிறது என்று பார்த்த முதற்கட்ட ஆய்வும் நடந்திருக்கிறது. மறதி நோயை அது குணமாக்கும் என்பதற்கான சான்று அல்ல அது. ஆகவே வல்லாரைச் சம்பலை ஆசையாகச் சாப்பிடுவோம். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடச் சொல்லி யாருக்கும் ஆலோசனை கூறவேண்டாம்.

எலி சொல்லாத செய்திகள்

எலியின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1999இல் போர்ட்லண்ட், அல்பனி, எட்மன்டன் ஆகிய மூன்று நகரங்களின் ஆய்வுகூடங்கள் ஒரே வகை எலிகளை, ஒரே வயதில், ஒரே கருவிகளால், ஒரே நாளில் தொடங்கிச் சோதித்தன. அப்படி ஒத்திசைந்து செய்தும், சில சோதனைகளில் மூன்று இடத்து முடிவுகளும் வேறுபட்டன. எலியைத் தூக்கும் கை, அறையின் சூழல் போன்ற சிறு விடயங்களும் எலியின் நடத்தையில் கலந்துவிடுகின்றன.

கனடாவில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. ஆண் ஆய்வாளர் அறைக்குள் இருந்தால் எலிகள் பதற்றமடைந்து வலியைக் குறைவாகக் காட்டின. ஆண் அணிந்து கழற்றிய சட்டை அருகில் இருந்தாலே போதுமானதாக இருந்தது. பெண் ஆய்வாளர் இருந்தபோது அப்படி நடக்கவில்லை. தோழிகளே, நம்மில் யாராவது இத்துறைக்குப் போனால் எலிகள் நம்மை வரவேற்கும் போலிருக்கிறது!

மூன்றாவது சம்பவம் பாகின்சன் நோயைப் பற்றியது. பாகின், டி.ஜே.-1, பிங்க்-1 என்ற மூன்று பரம்பரையலகுகளில் ஏதேனும் ஒன்றின் இரு பிரதிகளும் பழுதானால் மனிதருக்கு இளவயதிலேயே பாகின்சன் வரலாம். ஆகவே ஆய்வாளர்கள் இம்மூன்றையும் ஒருசேர நீக்கிய எலிகளை உருவாக்கி, 24 மாத வயது வரை வளர்த்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. அந்த எலிகளின் மூளையில், பாகின்சன் நோயில் அழியும் நரம்புக் கலங்கள் குறையவே இல்லை. மனிதரைப் படுக்கையில் தள்ளும் குறை, எலியை அதன் ஆயுட்காலத்துக்குள் அப்படித் தள்ளவில்லை.

இத்தனைக்கும் நடுவில், அந்த வாயில்லாப் பிராணிகளையும் மறக்கக் கூடாது. நமக்கு ஒரு விடை கிடைக்க அவை துன்பப்படுகின்றன. 1959இல் ரசல், பேர்ச் என்ற இரு பிரித்தானிய விஞ்ஞானிகள் வகுத்த மூன்று கொள்கைகளை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு வழியைப் பயன்படுத்து, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. சோதனையைப் பிழையாக நடத்தி, பிழையான விடையைப் பெற்றால், அந்த எலிகள் பட்ட துன்பம் அத்தனையும் வீண்.

பாட்டியிடம் திரும்புவோம்

பாட்டியிடம் கேட்ட கேள்விகள், 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய 30 புள்ளிச் சோதனையில் இருப்பவை போன்றவை. திகதி கேட்பது, ஏழு ஏழாகக் கழிப்பது, வசனம் எழுதுவது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது எல்லாம் அதில் உண்டு. அது பயனுள்ள சோதனைதான். ஆனால் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி வைக்கலாகாது என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விடயம். நம் நாட்டில் ராகமைப் பிரதேசத்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், அச்சோதனையின் சிங்கள வடிவத்தைப் பயன்படுத்தி, குறைந்த புள்ளி பெற்றவர்களை வைத்தியர்கள் மேலும் ஆராய்ந்த பின்னரே முடிவுக்கு வந்தார்கள். 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கு மறதி நோய் இருப்பது அதில் தெரியவந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இத்தொகை கூடிக்கொண்டே போகிறது. ஆகவே இது பதுளைக்கும் பசறைக்கும் பண்டாரவளைக்கும் வரப்போகும் கேள்வி, வந்துவிட்ட கேள்வி.

பாட்டி பாடசாலைக்குப் போனவர் அல்லர். பென்சில் பிடித்ததே இல்லை. அவருக்கு ஐங்கோணம், குருட்டு எலிக்குச் சுவர்ப் படம் போல. அவருடைய நாட்காட்டியில் சம்பள நாளும், திருவிழாவும், மழை மாதமும்தான் உண்டு. அத்துடன் அவருடைய கண்ணில் வெண்படலம் இருந்தது. உம்மாவும் நானும் கூட்டிச் சென்று காட்டியபோதுதான் அது தெரிந்தது. இப்போது சத்திரசிகிச்சை முடிந்து எங்கள் வீட்டுப் படிகளைத் தயங்காமல் ஏறுகிறார். தெரிகின்ற மேடையில் கொடி நடுவது என்பது இதுதான் போலும். ஞாபகத்தைக் குறை சொல்லுமுன் கண்ணைப் பார்; காதைப் பார்; மொழியைப் பார்; படிப்பைப் பார்.

ஆனால் கதையை இத்துடன் முடித்தால், ஆராய்ச்சியின் விரும்பிய பாதியை மட்டும் வாசித்தது போலாகிவிடும். போன மாதம் பாட்டியின் மகள் கடைக்கு வந்தபோது ஒன்று சொன்னார். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பாட்டி இரண்டு தடவை அதை மறந்து வெளியே போய்விட்டாராம். ஒருமுறை லயத்து வழியில் எந்தப் பக்கம் வீடு என்று சற்று நேரம் நின்று யோசித்தாராம். எலி கூடு கட்டவில்லை என்பது போன்ற செய்தி இது. தன் வீட்டில் தன் வேலையில் வரும் மாற்றம். இதைத்தான் முகாமில் யாரும் கேட்கவில்லை.

மறதி இல்லாதவரை மறதிக்காரர் என்பது ஒரு பிழை. மறதி வந்தவரை “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுவது இன்னொரு பிழை. முதலாவது பிழை அவரை அழவைக்கும். இரண்டாவது பிழை அவரை எரியும் அடுப்பின் அருகே தனியே விட்டுவிடும். இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால் சரியான கேள்வியை, சரியான மொழியில், பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

அடுத்த கிழமை பாட்டியை மீண்டும் வைத்தியரிடம் கூட்டிப் போகிறோம். மகளும் வருகிறார். உலை, லயத்து வழி, நூற்றி இருபது ரூபாய்ப் பாக்கி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வைத்தியர் கேட்டால் நான் வாசித்துக் காட்டுவேன்.

பாட்டி நேற்றும் வந்தார். வல்லாரைக் கட்டைக் கொடுத்துவிட்டு, “பரீட்சை எப்ப புள்ள?” என்றார். சொன்னேன். “போன தடவையும் அதத்தான் சொன்ன” என்றார்.